உமாசங்கர் சாரின் ஷேவர்

ஷேவரைத் தண்ணீரில் காட்டினால் கெட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லா ஷேவரும் அப்படி இல்லை, மேடம். அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு குழாய்ப் படம் போட்டிருந்தால் தாராளமாகக் கழுவலாம். உங்கள் மேஜையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறதே, அதில் அந்தப் படம் இருக்கிறது. ஆனால் பாகங்களை எல்லாம் ஒன்றாக அள்ளிப் போட்டுவிட்டார்கள். அதைப் பார்க்கத்தான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. மூன்று கத்தி, மூன்று மூடி. ஒவ்வொரு கத்தியும் தன் மூடியோடு உரசி உரசிப் பழகியது. ஜோடி மாறிவிட்டால் முடியை வெட்டாது, பிடித்து இழுக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் உமாசங்கர் சார்தான்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

என் பெயர் அப்பாசாமி. செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் எங்கள் வீடு. கீழே நானும் என் மனைவி காசியம்மாளும். மாடியில் ஒரே அறை, ஒரே ஜன்னல், அந்த ஜன்னல் நிறைய மலை. அந்த மலைக்காகவே அறைக்கு ஆள் வந்துகொண்டிருந்தது. நான் பாதி ஆயுசைச் சுற்றுலா வேன் ஓட்டியே கழித்தவன். முதுகு போன பிறகுதான் ஸ்டியரிங்கை விட்டேன். வேன் ஓட்டுகிறவனிடம் பின்னால் இருப்பவர்கள் என்ன பேசுவார்கள்? இன்னும் எவ்வளவு தூரம், ஏசியைக் கூட்டு, டீக்கடையில் நிறுத்து. அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உமாசங்கர் சார் சென்னையில் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு இங்கே வந்து எங்கள் மாடியில் தங்கினார். ஒரே மகள், சினேகா, கனடாவில் இருக்கிறாள். அப்பா தன்னோடு வராமல் இங்கே தனியாக இருப்பது அந்தப் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. அதில் இரண்டு பேருக்கும் மனஸ்தாபம். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பேசுவார்கள். திங்கட்கிழமைதோறும் அவர் மௌன விரதம் இருப்பார். இந்த ஊரில் அது ஒன்றும் புதிதில்லை. எங்கள் சந்திலேயே மௌனம் இருக்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு.

ஷேவர் சினேகா அனுப்பியது. காலையில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, மலையைப் பார்த்துக்கொண்டே ஷேவ் செய்துகொள்வார். ஒரு நாள் நான் வேடிக்கை பார்ப்பதைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிலில் உட்கார வைத்தார்.

“கையில வாங்கிப் பாருங்க அப்பாசாமி. இந்தப் பட்டன அமுக்கினா தலை தொறக்கும். தூள மெதுவா தட்டணும். இந்த ஓரத்தத் தட்டக் கூடாது, நெளிஞ்சிடும்.”

தலையைத் திறந்து கத்திகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பிரஷ்ஷால் தள்ளி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, கடைசியில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டார். ஒவ்வொன்றையும் காட்டிவிட்டு என்னைச் செய்யச் சொன்னார். நான் செய்தது சரியாக இருந்தது. “உங்களுக்கு நல்ல கை” என்றார். அதுவரை என்னை யாரும் எதிரில் உட்கார வைத்து எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை, மேடம். அவர் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்பதை இதை வைத்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

சித்திரைப் பௌர்ணமி அன்று திங்கட்கிழமை. காலையில் ஷேவர் ஓடும் சத்தம் கேட்டது. வழக்கமாக நிற்கும் நேரத்தைத் தாண்டியும் அது நிற்கவில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஷேவர் தரையில் கிடந்து தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருந்தது. சார் நாற்காலியில் இருந்தார். இடது கன்னம் பளபளவென்று இருந்தது. வலது கன்னத்தில் நரைமுடி அப்படியே இருந்தது. அந்தப் பக்கத்து வாயோரம் கீழே இறங்கி எச்சில் வழிந்தது. வலது கை துணி மாதிரி தொங்கியது. கண் மட்டும் என்னையே பார்த்தது. தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, அது வார்த்தையாக வரவில்லை.

எனக்குப் பின்னால் வந்த காசி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஏங்க, வாய் கோணிக்கிச்சுங்க. சீக்கிரம் நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க.”

“நீ கீழ போ. நான் பாத்துக்கறேன்.”

அவள் போனாள். நான் ஷேவரை எடுத்தேன். பாதி மழித்த முகத்தோடு அவரை நாலு பேர் முன்னால் எப்படிக் கொண்டு போவது என்று தோன்றியது. அவ்வளவு சுத்தமான மனிதர். தளர்ந்த தோலை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மீதிப் பாதியையும் மழித்தேன். முதல் முறை என்றாலும் ஒரு கீறல் விழவில்லை. முகம் துடைத்துவிட்டேன். ஷேவரைப் பிரித்து அலசிக் காயவைத்துவிட்டுக் கீழே வந்தேன்.

“போன் பண்ணிட்டீங்களா?” என்றாள் காசி.

“கிரிவலக் கூட்டம். வண்டி உள்ள வராது. கூட்டம் கலையட்டும்.”

ஆம்புலன்சுக்குக் கூட்டம் வழிவிடும் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். எத்தனையோ பௌர்ணமிக்கு அந்த ரோட்டில் வேன் ஓட்டியவன் நான்.

அன்று மத்தியானம் பெங்களூரிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். ஆசிரமத்தில் சாரோடு பழக்கமாம். கிரிவலம் முடித்துவிட்டு அவரைப் பார்க்க வந்தவர்கள், எனக்கு முன்னால் மாடிப்படி ஏறிவிட்டார்கள். நான் ஓடிப்போய், “மௌனத்துல இருக்காரு” என்றேன். பொய் இல்லை. அன்று திங்கட்கிழமை. அவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்கள். சார் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எப்ப பேசுவாருங்க?”

“தெரியாதுங்க. இந்தத் தடவ வேற மாதிரி இருக்குது.”

“வேற மாதிரின்னா?”

“உள்ள ரொம்ப தூரம் போயிட்டாரு.”

அவர்கள் இரண்டு பேரும் நான் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டார்கள். அந்த அம்மாவின் கண் கலங்கியது. போகும்போது என்னையும் பார்த்துக் கைகூப்பினார்கள். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், ஏன் நேற்றே கொண்டு வரவில்லை என்று டாக்டர் கேட்டிருப்பார். அதற்கு மறுநாள் போயிருந்தால் இரண்டு நாளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நாள் ஆக ஆகக் கேள்வி ஜாஸ்தியாகிக்கொண்டே போனது. குறுகலான சந்துக்குள் பெரிய வண்டியை விட்டுவிட்டால் ரிவர்ஸ் எடுக்க முடியாது. அந்தப் பக்கம் வழி இருக்கிறதோ இல்லையோ, முன்னால்தான் போக வேண்டும். மாட்டிக்கொண்டது நான்தான், மேடம். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு நான் ஒன்றும் கம்மி செய்யவில்லை. வேளைக்குக் குழைந்த சாதம் ஊட்டினேன். குளிப்பாட்டினேன். காலையில் முதல் வேலை ஷேவிங். வழியும் எச்சிலில் முடி நனைந்துகொண்டே இருந்தால் தோல் புண்ணாகிவிடும், அதனால் ஒரு நாளும் தவற விடவில்லை. கொஞ்சம் பவுடர் போட்டு ஈரத்தை எடுத்துவிட்டு, முடி முளைக்கும் திசைக்கு எதிராக ஷேவரை ஓட்டுவேன். பிறகு வலது பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி நாற்காலியைத் திருப்பி வைப்பேன். வாசலில் நிற்பவர்களுக்கு இடது பக்கம் மட்டும் தெரியும். இடது பக்கம் அமைதியான முகம். பெங்களூர்க்காரர்கள் சொல்லி ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். பணம் வாங்கினாயா என்று உங்கள் சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். இல்லை. பழமும் பூவும் தவிர எதையும் வாங்கவில்லை. வேண்டுமானால் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வந்தவர்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். பையனுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது, மருமகள் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாள், இப்படி. சார் கண்ணை மூடித் திறப்பார், அல்லது தொண்டையில் சத்தம் வரும். “என்ன சொல்றாருங்க?” என்று என்னைக் கேட்பார்கள். “பொறுமையா இருக்கச் சொல்றாரு” என்பேன். பொறுமை யாருக்குத்தான் வேண்டாம்? அவர்கள் முகம் தெளிந்து இறங்கிப் போவதை நான் படியோரம் நின்று பார்ப்பேன். சிலர் மறுபடி வந்து, நீங்கள் சொன்னது நடந்தது என்றார்கள். கவனியுங்கள், நீங்கள் சொன்னது என்றார்கள்.

காசிக்கு இது பிடிக்கவில்லை. அவள் மாடிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

“அவரு மௌனத்துல இல்லீங்க. அவருக்குப் பேச்சு வரல. ரெண்டும் ஒண்ணா?”

“வர்றவங்களுக்கு நிம்மதி கெடைக்குது இல்ல?”

“அவருக்கு?”

“அவருக்கு இன்னா கம்மி? பெத்த புள்ள இப்படிப் பாக்குமா?”

“அப்ப அந்தச் சால்வைய எடுத்துக் காட்டுங்க.”

சால்வையைப் பற்றி நான் இன்னும் உங்களிடம் சொல்லவில்லை. சாரின் இடது கை நன்றாகத்தான் இருந்தது. ஷேவ் செய்யும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். வயதானவர் என்றாலும் நல்ல பிடி. ஒருமுறை தரிசனத்துக்கு வந்த ஒரு பெண்ணின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்தப் பெண் ஆசீர்வாதம் என்று நினைத்து அழுதாள். நான்தான் விரல் விரலாகப் பிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு கையை நாற்காலிப் பிடியில் வைத்து, பழைய வேட்டியைக் கிழித்து ஒரு முடிச்சுப் போட்டு, மேலே சால்வையைப் போர்த்திவிடுவேன். முரட்டுக் கயிறு இல்லை. நாள்பட்ட பருத்தித் துணி. தழும்பு விழாது.

காசி மாடிக்குப் போய்ச் சால்வையை எடுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.  அன்று சாயந்திரமே துணிமணியைப் பையில் போட்டுக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். போலீசுக்குப் போகவில்லை. அதுவரைக்கும் எனக்கு மனைவியாகத்தான் இருந்தாள்.

சினேகாவிடம் நான் முதல் வாரமே சொல்லிவிட்டேன், அப்பா நீண்ட மௌனம் எடுத்திருக்கிறார் என்று.  அந்தப் பெண் கேட்டாள்.

“எம் மேல கோவமா அங்கிள்?”

“கோவமெல்லாம் இல்லம்மா. எல்லாத்தையும் விட்டுட்டாரு.”

“என்னையுமா?”

“எல்லாத்தையும்தாம்மா.”

வீடியோவில் பார்க்க வேண்டும் என்பாள். ஷேவ் செய்து, தலை சீவி, இடது பக்கமாக நின்று காட்டுவேன். “அப்பா, நான் சண்ட போட்டது தப்புதாம்பா. ஒரே ஒரு தடவ தலைய ஆட்டுப்பா” என்பாள். அவர் தலையை ஆட்டுவார், ஆட்டிக்கொண்டே இருப்பார், கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வரும். நான் போனைத் திருப்பிக்கொண்டு, “ஆனந்தக் கண்ணீரும்மா. மலையப் பாத்தா இப்பல்லாம் இப்படித்தான்” என்பேன். அவளும் அழுவாள். ஆனால் அவளுக்கும் ஒரு நிம்மதி இருந்தது. அப்பா பெரிய நிலைக்குப் போய்விட்டார் என்று நினைத்துக்கொள்வது, படுத்த படுக்கையாகிவிட்டார் என்று நினைப்பதைவிட நல்லதில்லையா? யோசித்துப் பாருங்கள்.

புரட்டாசியில் அவருக்குப் பேச்சு திரும்ப ஆரம்பித்தது.

எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. மேல் உதட்டில் ஷேவரை ஓட்டிக்கொண்டிருந்தேன். உதடு என் விரலுக்கு அடியில் குவிந்தது. ஷேவரை நிறுத்தினேன். “சி” என்றார். மறுபடி, “சி... னே.” வியர்த்துவிட்டது அவருக்கு. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். எழுதப் பழகிய குழந்தை பலகையைத் தூக்கிக் காட்டுமே, அந்த மாதிரி என்னிடம் காட்டினார். அந்த அறையில் வேறு யாரும் இல்லை, காட்டுவதற்கு.

கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ஆட்கள் வருகிறார்கள். நான் ஷேவரை மறுபடி ஓட விட்டேன்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஷேவர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவருக்கே மெல்லிய பேச்சு கேட்காது. வாசலில் நிற்பவருக்கு உதடு அசைவதும் தெரியாது, என் கை மறைத்துக்கொள்ளும். அவர் பேச வாயெடுக்கும்போதெல்லாம் ஷேவர் ஓடியது. காலையில் ஒரு முறை ஓட வேண்டியது, ஆள் வரும்போதெல்லாம் ஓடியது. சாமிக்குத் தினமும் பலமுறை முகம் மழிப்பது ஏதோ விரதம் என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. மழிக்க முடி இல்லாத கன்னத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தால் தோல் சிவந்துபோகும். தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன். ஷேவரின் தலையும் சூடேறிவிடும். அதை என் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் முகத்தில் வைப்பேன். சார்ஜ் சீக்கிரம் இறங்கியது. கத்திகள் முன்பைவிட வேகமாகத் தேய்ந்தன. அதனால்தான் பராமரிப்பில் அவ்வளவு அக்கறை எடுத்தேன். நடுவில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே இருந்தேன். வெளியே ஒரு டீ குடிக்கப் போக முடியாது. ஒரு கல்யாணம் காட்சிக்குப் போக முடியாது. கார்த்திகை தீபத்துக்கு ஊரே மலையைச் சுற்றிக்கொண்டிருக்க, நான் அந்த நாற்காலிக்குப் பின்னால் ஷேவரோடு நின்றேன். பல மாதங்கள் அந்த ஒரு அறைதான் எனக்கு உலகம். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஷேவர் நின்ற பிறகு அவர் அழுவார். பிறகு அழுவதையும் நிறுத்திவிட்டார். ஷேவரைக் கையில் எடுத்தாலே வாயை இறுக்கி மூடிக்கொள்வார். அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் பேசப் பழகுவதை அவர் விடவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. நான் சமைக்கக் கீழே போன நேரமெல்லாம் தனியாகப் பழகியிருக்கிறார்.

ஷேவரைச் சுத்தம் செய்யும் நேரம்தான் அந்த வீட்டில் அமைதியான நேரம். மார்கழியில் ஒரு காலை, நாற்காலிக்குப் பக்கத்தில் செய்தித்தாளை விரித்துப் பாகங்களை ஜோடி ஜோடியாகக் காயவைத்திருந்தேன். எண்ணெய்ப் புட்டியைத் திறந்துகொண்டிருக்கும்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. அந்த நேரத்துக்கு யாரும் வருவதில்லை. கை தானாக ஷேவரை எடுத்துப் பட்டனை அழுத்தியது. தலை கழன்ற ஷேவர் ஓடும், ஆனால் சத்தம் கம்மி. ஒரு கொசு பறக்கிற அளவுதான்.

வாசலில் காசி நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண், தோளில் பையோடு. போனில் பார்த்த முகம். காசிதான் கனடாவுக்குப் போன் போட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

“சினேகா” என்றார் சார்.

முழுப் பெயர். தெளிவாக. அவர் தலையைத் திருப்பியபோது அந்தப் பெண் அவருடைய வலது பக்கத்தை முதல் முறையாகப் பார்த்தாள். ஓடி வந்து மண்டியிட்டு அவர் கையைத் தேடினாள். சால்வை விழுந்தது. அவள் முடிச்சையே பார்த்தாள்.

“ஏன் அங்கிள் கட்டி வெச்சிருக்கீங்க?”

“விழுந்துடக் கூடாதுன்னும்மா.”

 முடிச்சை அவளால் அவிழ்க்க முடியவில்லை. வேன் மேலே லக்கேஜ் கட்டுகிற முடிச்சு அது. காசிதான் குனிந்து அவிழ்த்தாள். கையை விடுவித்ததும் சார் மகளைத் தொடவில்லை, மேடம். என்னைக் காட்டினார். விரலை இறக்கவே இல்லை. நான் செய்தித்தாளை ஓரமாக நகர்த்திவிட்டு, நீங்கள் வரும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஓடவில்லை. அதைக் காசியே சொல்வாள்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அது பக்கவாதம் என்று அறைக்குள் நுழைந்ததுமே எனக்குத் தெரியும். என் அப்பாவுக்கு வந்ததை நேரில் பார்த்தவன். உடனே கொண்டு போனால் பிழைத்து நடப்பார்கள் என்பதும் தெரியும். தெரிந்துதான் கொண்டு போகவில்லை. தெரிந்துதான் மகளிடம் பொய் சொன்னேன். தெரிந்துதான் கையைக் கட்டினேன், பேச்சு வந்தபோது அதை யாருக்கும் கேட்காமல் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

நேற்று உங்கள் ஏட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து சொன்னார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார்களாம். பகலில் மகள் பெயரைச் சொல்கிறாராம். தூக்கத்தில் என் பெயரைச் சொல்லிக் கத்துகிறாராம். வார்டே எழுந்துவிடுகிறது, நர்ஸ் ஓடி வந்து பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை பேர் வந்து காலில் விழுந்துவிட்டுப் போனார்கள், ஒருவர் பெயர்கூட அவர் வாயில் வரவில்லை. பெற்ற மகளுக்கு அடுத்தபடியாக அவர் தேடுவது என்னைத்தான்.